பிரெப்: மாத்திரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய கடிகாரம்

"நாளைக்கு ராத்திரி ஒருத்தரைச் சந்திக்கிறேன். இன்றைக்கு மாத்திரை போட ஆரம்பித்தால் போதுமா?" எச்.ஐ.வி. தடுப்பு ஆலோசனை தருகிறவர்கள் ஓயாமல் சந்திக்கிற கேள்வி இது. பதில் சொல்வதற்கு முன் திருப்பி நான்கு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். பிறக்கும்போது எந்தப் பாலினம் என்று பதிந்தார்கள்? ஹார்மோன் எடுக்கிறீர்களா? ஹெபடைடிஸ் பி சோதனை செய்தாயிற்றா? கடைசி எச்.ஐ.வி. சோதனை எப்போது, அதற்குப் பிறகு என்னென்ன நடந்தது? மாத்திரை ஒன்றுதான்: எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க முன்கூட்டியே போடும் பிரெப். இந்தப் பதில்களைப் பொறுத்து ஒருவருக்கு அது இரண்டு மணி நேரத்தில் காவலாகும். இன்னொருவருக்கு ஒரு வாரம் பிடிக்கும். மூன்றாமவர் இப்போதைக்கு அதைத் தொடவே கூடாது.

பிரெப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "99 சதவீதம் பாதுகாப்பு" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் பிரெப் எடுப்பவர்களுக்குத் தொற்று ஏற்படுவது பெரும்பாலும் மருந்து வேலை செய்யாததால் அல்ல. தொடங்கியதற்கும் காப்பு வந்ததற்கும் நடுவில், ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவில், நிறுத்தியதற்கும் மறுபடி தொடங்கியதற்கும் நடுவில் ஏற்படுகிறது. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க நேரக் கணக்குதான்.

மாத்திரைக்குள் இருப்பது இரண்டு மருந்து: டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் ஃபியூமரேட் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிட்டபின் 200 மில்லிகிராம். எம்ட்ரிசிட்டபினுக்குப் பதில் லாமிவுடின் 300 மில்லிகிராம் உள்ளதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்க வேண்டும். அந்தப் படியெடுப்பைத்தான் இவை இரண்டும் நடுவில் முறிக்கின்றன. முறிக்க வேண்டுமானால் வைரஸ் வரும்போது மருந்து ஏற்கெனவே செல்லுக்குள் காத்திருக்க வேண்டும். ரத்தத்தில் ஓடினால் மட்டும் போதாது. டெனோஃபோவிர் மலக்குடல் திசுவில் வேகமாகவும் அதிகமாகவும் சேர்கிறது; யோனித் திசுவில் அதைவிடப் பல மடங்கு குறைவாகவே சேர்கிறது. "யாருக்கு எத்தனை நாள்" என்ற வித்தியாசத்தில் பாதி இந்த ஒரு காரணத்தில் அடங்கிவிடும்.

இனி இரண்டு-ஒன்று-ஒன்று முறை. தினமும் போடாமல், உறவை ஒட்டி மட்டும் போடுவது. பிறப்பில் ஆண் எனப் பதியப்பட்டு, ஈஸ்ட்ரோஜன் போன்ற பாலின ஹார்மோன் எதுவும் எடுக்காதவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு மாத்திரை சேர்த்து. அந்த முதல் டோஸிலிருந்து 24 மணி நேரம் கழித்து ஒன்று. 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. மொத்தம் நான்கு. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஒரு வார இறுதியை எடுத்துவைத்தால்தான் எங்கே குழம்புகிறார்கள் என்று தெரியும்.

சனிக்கிழமை இரவு 10 மணிக்குச் சந்திப்பு. மாலை 6 மணிக்கு இரண்டு மாத்திரை போட்டாயிற்று. அடுத்தது எப்போது? பலர் உறவு முடிந்த நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது முதல் டோஸிலிருந்து: ஞாயிறு மாலை 6, திங்கள் மாலை 6. அதோடு முடிந்தது. ஆனால் ஞாயிறு இரவும் ஒரு சந்திப்பு அமைந்துவிட்டால்? திரும்ப இரண்டு மாத்திரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே ஓடுகிற 24 மணி நேரக் கணக்கை அப்படியே நீட்ட வேண்டியதுதான். கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு மாத்திரை விழுந்திருக்க வேண்டும். ஆகவே திங்கள் 6, செவ்வாய் 6. செவ்வாயோடு நிறுத்தலாம். அதே வாரம் வெள்ளிக்கிழமை மறுபடி வாய்ப்பு வந்தால், கடைசி மாத்திரை போட்டு ஏழு நாள் ஆகவில்லை. அதனால் முன்கூட்டி ஒரு மாத்திரை போதும். ஏழு நாள் தாண்டியிருந்தால் இரண்டு.

அடிக்கடி தவறுவது முதல் டோஸ் அல்ல, கடைசி இரண்டும்தான். ஞாயிறு காலை வேறொருவர் வீட்டில் விடிகிறது. மாத்திரை தன் வீட்டில் இருக்கிறது. இதற்கு ஆலோசனையைவிட ஒரு சின்னக் காற்றுப்புகா டப்பியில் நான்கு மாத்திரையைச் சாவிக்கொத்தோடு கோத்துக்கொள்வது உபயோகம். கைபேசியில் அலாரத்தை முதல் டோஸ் போட்ட கையோடு வைத்துவிட வேண்டும், "பிறகு வைத்துக்கொள்ளலாம்" என்றால் அது நடப்பதில்லை. இரண்டு மணி நேரம் முன்பு என்ற விதி, திடீர் சந்திப்புகளில் மீறப்படும் என்பதும் தெரிந்ததே. "கிளம்பும்போது போட்டேன், அரை மணியில் போய்ச் சேர்ந்தேன்" என்றால் அது முழுக் காப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அப்படி நடந்தால் மீதி டோஸ்களை விடாமல் முடிப்பதோடு, கிளினிக்கில் பேசி அவசரச் சிகிச்சை தேவையா என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்றால், பிரான்சிலும் கனடாவிலும் நடந்த இப்பர்கே ஆய்விலிருந்து. 2015இல் வெளியான முடிவில், மாத்திரைக் குழுவில் 2 பேருக்கும் போலி மாத்திரைக் குழுவில் 14 பேருக்கும் தொற்று. 86 சதவீதம் குறைவு. அந்த இருவருமே தொற்று ஏற்பட்ட காலத்தில் மாத்திரை போடவில்லை. அதே ஆண்டு வெளியான பிரிட்டனின் ப்ரவுட் ஆய்வில் தினசரி மாத்திரைக்கும் அதே 86 சதவீதம். இப்பர்கேயில் கலந்துகொண்டவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 15 மாத்திரை போட்டார்கள், ஆகவே அது ஏறக்குறைய தினசரிதானே என்று அப்போதே ஓர் எதிர்வாதம் எழுந்தது. நியாயமான வாதம். குறைவாக உறவு கொண்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோதும் காப்பு நிலைத்தது தெரிந்த பிறகுதான் அது அடங்கியது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையை ஏற்றது.

திருநங்கைகளை "மற்றும்" என்று சேர்ப்பதன் விலை

"தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் மற்றும் திருநங்கைகள்" என்று ஒரே மூச்சில் எழுதுவது தடுப்புத் திட்ட அறிக்கைகளின் பழக்கம். அந்த "மற்றும்" நிறைய மறைக்கிறது. 2010இல் வெளியான ஐப்ரெக்ஸ் ஆய்வுதான் பிரெப் வேலை செய்யும் என்று முதலில் காட்டியது: ஆறு நாடுகள், 2,499 பேர், மொத்தத்தில் 44 சதவீதம் தொற்றுக் குறைவு. அதில் திருநங்கைகள் 339 பேர். அவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பின்னர் ஆராய்ந்தபோது, மாத்திரைக் குழுவுக்கும் போலி மாத்திரைக் குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. மருந்து அவர்கள் உடலில் வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தொற்று ஏற்பட்டவர்களின் ரத்தத்தில் மருந்தே இல்லை. வாரத்தில் நான்கு மாத்திரையாவது போட்டதாக ரத்த அளவு காட்டிய திருநங்கைகளில் ஒருவருக்கும் தொற்று இல்லை. கேட்க வேண்டியது, ஏன் போடவில்லை என்பதைத்தான்.

மிகப் பெரிய காரணம் ஒரு பயம்: பிரெப் போட்டால் ஹார்மோன் வேலை செய்யாமல் போய்விடுமோ. முகத்தில் முடி திரும்பி வளரும், மார்பு வளர்ச்சி நின்றுவிடும் என்ற வதந்தி எந்த மருத்துவரின் அறிவுரையையும்விட வேகமாகப் பரவும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பல நேரம் மருத்துவர் உதவி இல்லாமலே தொடங்கிய ஹார்மோனை ஒருவர் ஏன் பணயம் வைப்பார்? ஆராய்ந்து பார்த்ததில் விடை வேறு திசையில் இருந்தது. பிரெப், எஸ்ட்ராடியோல் அளவைக் குறைப்பதில்லை. மாறாக, ஹார்மோன்தான் டெனோஃபோவிரின் அளவைக் கொஞ்சம் குறைக்கிறது. தினமும் போடுகிறவருக்கு அந்தக் குறைவு ஒரு பொருட்டில்லை. நான்கே மாத்திரையில் முடிகிற முறையில் மருந்தின் அளவு போதாமல் போகலாம். அதனால்தான் ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்களுக்கு இரண்டு-ஒன்று-ஒன்று கூடாது, தினசரிதான். ஏழு நாள் தொடர்ந்து போட்ட பிறகே காப்பு உண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

திருநம்பிகளுக்கும் தினசரிதான், ஆனால் காரணம் வேறு. முன்புற (யோனி வழி) உறவு இருந்தால் அந்தத் திசுவில் மருந்து மெதுவாகச் சேரும். விட்டுப்போன மாத்திரையை மன்னிக்கும் இடைவெளியும் அங்கே குறைவு. டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும்போது அந்தத் திசு மெலிந்து, வறண்டு, எளிதில் கீறல் விழும். ஆணுறையோடு கூட லூப் (வழுக்குத் திரவம்) தாராளமாக வேண்டும் என்று இவர்களிடம் சொல்கிற கிளினிக்குகள் மிகக் குறைவு. கே ஆண்களோடு உறவு கொள்ளும் திருநம்பிகள் உண்டு என்பதையே பல படிவங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

சிறுநீரகச் சோதனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் இந்த டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பதில்லை. அதைக் கணக்கிடும் சூத்திரத்தில் வயது, எடையோடு ஆணா பெண்ணா என்றும் ஒரு கட்டம் உண்டு. எதைக் குறிக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். ஹார்மோன் சில மாதமாக எடுப்பவருக்குத் தசை அளவே மாறியிருக்கும். விடை 60ஐ ஒட்டி வந்தால் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து முடிவு செய்கிற மருத்துவரே விஷயம் தெரிந்தவர். உடற்பயிற்சிக் கூடத்தில் கிரியேட்டின் பொடி சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எண் பொய்யாக இறங்கும். சோதனைக்குச் சில நாள் முன்பு பொடியை நிறுத்திவிட்டுப் போனால் தேவையில்லாத பதற்றம் மிச்சம்.

தாய்லாந்தில் செஞ்சிலுவைச் சங்கம் 2015இல் பாங்காக்கில் தொடங்கிய டேஞ்சரின் கிளினிக் இதையெல்லாம் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. வாசலில் இருப்பது ஹார்மோன் ஆலோசனை, ஹார்மோன் அளவுச் சோதனை. அதற்காக வருகிறவருக்கு அதே ரத்தத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனையும் நடக்கிறது. வேலை பார்ப்பவர்களில் பலர் திருநர்கள். எச்.ஐ.வி.க்கென்று தனி வாசல் வைத்துவிட்டு "அவர்கள் வருவதே இல்லை" என்று குறைபடுகிற திட்டங்கள் இன்னும் இருக்கின்றன, ஆச்சரியம்தான்.

தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை, அதற்குள் ஒரு பொறி

பிரெப் தொடங்கும் நாளில் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஏற்கெனவே தொற்றிய ஒருவர் இந்த இரண்டு மருந்தை மட்டும் போட்டால், மூன்று மருந்து தேவைப்படும் வைரஸை இரண்டால் சீண்டிவிட்டதாகும். அது எம்ட்ரிசிட்டபினுக்கும் லாமிவுடினுக்கும் எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும். பொறி எங்கே என்றால், சோதனையில் "இல்லை" என்று வருவது இன்றைய நிலையைச் சொல்வதில்லை. ரத்த நாளத்திலிருந்து எடுத்து ஆய்வகத்தில் செய்யும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி சோதனை, தொற்று ஏற்பட்ட 18 முதல் 45 நாளுக்குள்தான் காட்டத் தொடங்கும். விரல் நுனி ரத்தத்தில், எச்சிலில் செய்யும் வெறும் ஆன்டிபாடி துரிதச் சோதனைக்கு 23 முதல் 90 நாள். வைரஸின் மரபுப் பொருளையே தேடும் சோதனைக்கு 10 முதல் 33 நாள்.

ஆகவே "கடந்த நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டு ஏதாவது வந்ததா?" என்று கேட்பது சம்பிரதாயம் அல்ல. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்கு வரும் அறிகுறிகள் அவை. சாதாரண வைரல் காய்ச்சல் மாதிரியேதான் இருக்கும். அந்த அறிகுறியும் சமீபத்திய ஆபத்தும் சேர்ந்திருந்தால் பிரெப்பைத் தள்ளிவைத்து மரபுப் பொருள் சோதனை செய்வதே முறை. கடைசி 72 மணி நேரத்துக்குள் ஆபத்தான உறவு நடந்திருந்தால் தொடங்க வேண்டியது பிரெப் அல்ல, நடந்த பிறகு போடும் பெப். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தொடங்கிய பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனை. எச்சில் வழிச் சுயசோதனை இந்த இடத்தில் கொஞ்சம் பலவீனம்: பிரெப் போடும்போது தொற்று ஏற்பட்டால் ஆன்டிபாடி மெதுவாகவும் குறைவாகவும் உருவாகும், எச்சிலில் அது தெரிய இன்னும் தாமதமாகும். கிளினிக் பக்கம் வரவே மாட்டேன் என்பவருக்குச் சுயசோதனை எவ்வளவோ மேல். வர முடிகிறவருக்கு ரத்தமே நல்லது. சுயசோதனையில் இரண்டு கோடு வந்தால் அது நோய் நிர்ணயம் ஆகாது. வேறு சோதனைகளால் உறுதி செய்ய வேண்டும். எச்சில் கருவியில் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் குடிக்கக் கூடாது, குறித்த நிமிடங்களுக்குள் படித்துவிட வேண்டும். மறுநாள் காலை குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து மங்கலான கோட்டைக் கண்டு கலங்குவதில் பயனில்லை.

மூன்று மாதச் சோதனையில் அதிகம் கோட்டை விடுவது வேறு இடத்தில். கொனோரியா, கிளமிடியாவுக்குச் சிறுநீரை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். கே ஆண்களிடம் இந்த இரண்டும் பெரும்பாலும் தொண்டையிலும் மலக்குடலிலும்தான் தங்கும், பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல். சிறுநீர் சுத்தமாக இருக்கும். மூன்று இடத்திலும் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மலக்குடல் குச்சியைத் தானே எடுத்துக் கொடுப்பதும் செவிலியர் எடுப்பதற்கு நிகரான பலன் தரும். மூன்று, நான்கு சென்டிமீட்டர் உள்ளே விட்டு, மெதுவாகச் சுழற்றி, வெளியே எடுத்துக் குழாயில் போட வேண்டும், அவ்வளவுதான். மலக்குடலில் இந்த நோய்கள் இருந்தால் எச்.ஐ.வி. நுழையும் வாய்ப்பும் கூடும். ஆகவே இது தனிக் கணக்கு அல்ல.

மாத்திரை விட்டுப்போனால்

தினசரி போடும் கே ஆண்களுக்கு ஐப்ரெக்ஸின் ரத்த அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு: வாரத்துக்கு இரண்டு மாத்திரையில் 76 சதவீதம், நான்கில் 96, ஏழில் 99. ஒரு நாள் மறந்ததற்காக ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த எண்கள் மலக்குடல் வழி உறவுக்கானவை. முன்புற உறவுக்கு இப்படி மன்னிப்பு கிடையாது. அதோடு, "நான்கு போதும்" என்று இலக்கு வைத்தவர் மூன்றில் போய் நிற்பார், இரண்டில் போய் நிற்பார். ஏழுக்கு முயன்று ஆறில் நிற்பதே பாதுகாப்பான பிழை.

முதல் இரண்டு மூன்று வாரம் குமட்டல், வாயு, தலைவலி வரலாம். இரவு உணவோடு போட்டால் பலருக்குக் குறையும். இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அது தானாகப் போய்விடும் என்று யாரும் சொல்லாததால். தினமும் வலி மாத்திரை விழுங்குகிறவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக் வகையும் டெனோஃபோவிரும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை.

இரண்டு மூன்று நாள் தூங்காமல் போதைப் பொருளோடு நீளும் கெம்செக்ஸ் வார இறுதிகளில் "24 மணி நேரத்துக்கு ஒன்று" என்ற கணக்கே கரைந்துவிடும். நேரம் தெரியாது, நாளே தெரியாது. அப்படிப்பட்டவருக்கு இரண்டு-ஒன்று-ஒன்று முறையைப் பரிந்துரைப்பது, என் கணிப்பில், ஆலோசகரின் தவறு. தினசரி அல்லது ஊசி. ஊசி மூலம் போதை ஏற்றுகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் புது சிரிஞ்சு, தனித் தண்ணீர், தனிக் கரண்டி; இல்லையென்றால் எச்.ஐ.வி.க்கு முன் ஹெபடைடிஸ் சி வந்து சேரும்.

72 மணி நேரம்

பெப் என்பது நடந்த பிறகு போடுவது. மூன்று மருந்து, 28 நாள். பொதுவாக டெனோஃபோவிரோடு லாமிவுடின் அல்லது எம்ட்ரிசிட்டபின், கூடவே டோலுடெக்ராவிர். 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. அதை அவகாசம் என்று நினைத்துத் திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய விபத்து. வைரஸ் அந்தத் திசுவில் இருந்து நிணநீர் முனைகளுக்குப் போக இரண்டு மூன்று நாள்தான். நாலாவது மணி நேரத்தில் தொடங்குவதும் எழுபதாவதில் தொடங்குவதும் ஒன்றல்ல. சனி இரவு நடந்ததற்கு ஞாயிறு காலை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எங்கே போனால் இரவிலும் பெப் கிடைக்கும் என்பதைத் தேவைப்படாத ஒரு நாளில் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

டோலுடெக்ராவிரோடு ஒரு சின்ன விஷயம் அடிக்கடி விடுபடும்: நெஞ்செரிச்சல் மருந்து, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை ஆகியவை அதைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். டோலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். 28வது நாள் மாத்திரை முடிந்ததும் எச்.ஐ.வி. சோதனை, ஆபத்து தொடருமானால் 29வது நாள் நேராகப் பிரெப். ஒரு வாரம் "இடைவெளி" விட்டுத் தொடங்கலாம் என்று அனுப்பப்பட்டவர்கள் அந்த வாரத்தில் என்ன செய்வார்கள் என்று யோசித்தாலே போதும்.

பயத்துக்கும் ஓர் அளவு வேண்டும். காப்பு எதுவும் இல்லாமல், சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. உள்ள ஒருவரோடு பாட்டமாக (குத உறவில் ஏற்பவராக) ஒரு முறை உறவு கொண்டால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10,000க்கு 138. டாப்பாக (செலுத்துபவராக) இருந்தால் 11. வாய்வழி உறவில் மிகமிகக் குறைவு. முத்தம், எச்சில், கையால் தொட்டது எதற்கும் பெப் கிடையாது. அதே சமயம் 138 என்பது சராசரி. துணைவருக்கு அண்மையில்தான் தொற்று ஏற்பட்டு ரத்தத்தில் வைரஸ் பொங்கிக்கொண்டிருக்கும் வாரங்களில் அது பல மடங்கு கூடும்.

துணைவர் தொடர்ந்து சிகிச்சை எடுத்து வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத நிலையில் இருந்தால் அந்த எண் பூஜ்யம். 2019இல் வெளியான பார்ட்னர்-2 ஆய்வில் 782 ஆண்-ஆண் ஜோடிகள், ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு, மற்றவருக்கு இல்லை. ஆணுறை இல்லாத குத உறவு சுமார் 76,000 முறை. ஜோடிக்குள் தொற்று ஒன்றுகூட இல்லை. புதிதாக 15 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. வைரஸின் மரபு வரிசையைப் பார்த்தபோது அத்தனையும் வெளியிலிருந்து வந்தவை. சிகிச்சை எடுக்கும் துணைவரை ஒதுக்கிவிட்டு, "நான் நெகட்டிவ்" என்று ஆறு மாதப் பழைய சோதனையைக் காட்டுகிறவரை நம்புவது கணக்கைத் தலைகீழாகப் பிடிப்பது.

ஆணுறை பற்றிச் சுருக்கமாக. லேட்டக்ஸ் ஆணுறையோடு எண்ணெய், வாசலின், உடல் கிரீம் எதுவும் கூடாது. சில நிமிடங்களில் ரப்பர் பலமிழக்கும். நீர் அல்லது சிலிகான் அடிப்படையிலான லூப் வேண்டும். எச்சில் காய்ந்துவிடும். அதிகம் பேசப்படாத விஷயம் லூப்பின் அடர்த்தி: கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் அதிகம் உள்ள நீர் லூப்புகள் மலக்குடலின் மெல்லிய உறையிலிருந்து நீரை உறிஞ்சி மேல் அடுக்கை உரிக்கும். கிலோவுக்கு 1,200 மில்லி ஆஸ்மோலுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நோனாக்சினால்-9 சேர்த்த எதையும் பின்புற உறவுக்குத் தொடவே கூடாது. விந்தணுவைக் கொல்லும் அந்த ரசாயனம் மலக்குடல் உறையையும் கொல்லும்.

பிரெப் சிபிலிஸைத் தடுக்காது என்பது தெரிந்ததே. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 24க்குள், டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் ஒரே டோஸ் போடுவதை டாக்சி-பெப் என்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ, சியாட்டில் நகரங்களில் நடந்த ஆய்வில் சிபிலிஸும் கிளமிடியாவும் பெருமளவு குறைந்தன, கொனோரியா அந்த அளவுக்குக் குறையவில்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2024இல் கே ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் வழிகாட்டுதல் தந்தது. ஒரு நாளில் 200க்கு மேல் கூடாது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். ஹெபடைடிஸ் ஏ, பி, எச்.பி.வி., எம்பாக்ஸ் தடுப்பூசிகளை அதே வருகையில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

ஊசிகள்

மாத்திரைக்குப் பதில் ஊசியாகவும் பிரெப் உண்டு. ஒன்று காபோடெக்ராவிர் 600 மில்லிகிராம், பிட்டத் தசையில். முதல் இரண்டும் ஒரு மாத இடைவெளியில், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. கே ஆண்களையும் திருநங்கைகளையும் கொண்டு நடந்த எச்.பி.டி.என். 083 ஆய்வில் தினசரி மாத்திரையைவிட 66 சதவீதம் குறைவான தொற்று. மருந்து உயர்ந்தது என்பதைவிட, மறக்க முடியாதது என்பதே காரணம். திருநங்கைகளிடம் முன்கூட்டியே கேட்க வேண்டிய ஒன்று: பிட்டத்தில் சிலிகானோ வேறு ஃபில்லரோ ஏற்றியிருக்கிறதா? இருந்தால் ஊசி தசையை எட்டாமல் அதற்குள் தங்கிவிடலாம், மருந்து எப்படி வெளியேறும் என்று நிச்சயம் கிடையாது. கேட்கத் தயங்கும் செவிலியரும் சொல்லத் தயங்கும் திருநங்கையும் சந்திக்கும்போது இந்தத் தகவல் விழுந்துபோகும்.

லெனகாபாவிர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. வயிற்றின் அல்லது தொடையின் தோலுக்கடியில் இரண்டு ஊசி, மொத்தம் 927 மில்லிகிராம். முதல் முறை மட்டும் ஊசி நாளில் இரண்டு 300 மில்லிகிராம் மாத்திரை, மறுநாள் இன்னும் இரண்டு. அந்த இரண்டாம் நாள் மாத்திரை வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுவதால், மறக்க வாய்ப்புள்ள ஒரே இடம் அதுதான். கே ஆண்கள், திருநர்கள், ஆண்-பெண் இருமைக்கு வெளியே உள்ளோர் பங்கேற்ற பர்பஸ்-2 ஆய்வில் 2,179 பேரில் 2 பேருக்கு மட்டுமே தொற்று. 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி, ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊசி போட்ட இடத்தில் சின்ன உருண்டை மாதக்கணக்கில் கைக்குத் தட்டுப்படும்; கட்டி என்று பயப்பட வேண்டாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு இதன் அளவு உடலில் குறைந்துவிடும். சில்டெனாஃபில் (வயாகரா) வகை மாத்திரைகளின் அளவை இது உடலில் உயர்த்தும், ஆகவே அதைப் பயன்படுத்துகிறவர் சொல்லியே ஆக வேண்டும்.

நகரம் என்பது ஒரே இடம் இல்லை

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016 மார்ச்சில் எபிக் என்ற பெயரில் பிரெப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்காமல் ஒரேயடியாகக் கொட்டியது. எட்டே மாதத்தில் 3,700 பேர். முந்தைய ஓராண்டில் கே ஆண்களிடையே 295 ஆக இருந்த புதிய கண்டறிதல் அடுத்த ஓராண்டில் 221 ஆனது. ஒரே வருடத்தில் கால் பங்கு சரிவு. 2022 வாக்கில் சிட்னியின் உள்நகரில் சரிவு 88 சதவீதத்தை எட்டியது. அந்த ஆண்டு அங்கே புதிதாக 11 பேர். ஆனால் அதே சிட்னியின் வெளிப்பகுதிகளில் சரிவு மிகவும் மெதுவாகவே நடந்தது. அதே மருந்து, அதே மாநிலம். கே விடுதிகளும் கிளினிக்குகளும் பிரெப் போடும் நண்பர்களும் நெருங்கி இருந்த தெருக்களில் ஒரு கதை. தன்னை வெளிப்படுத்திக்கொள்ளாதவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் வாழும் புறநகரில் வேறு கதை.

லண்டனில் சரிவு 2015-16இல் கண்ணுக்குத் தெரிந்தபோது அங்கே அரசு மருத்துவச் சேவை பிரெப் தரவே இல்லை. பலர் இணையத்தில் ஜெனரிக் மாத்திரை வரவழைத்துப் போட்டார்கள். சோஹோவில் உள்ள 56 டீன் ஸ்ட்ரீட் கிளினிக் வாங்கிய மாத்திரையில் மருந்து உண்மையில் இருக்கிறதா என்று அவர்கள் ரத்தத்தைச் சோதித்துச் சொன்னது. அதே கிளினிக்கில் வந்தவர்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் அடிக்கடி சோதனை செய்துகொண்டார்கள், முடிவு அன்றே குறுஞ்செய்தியில் வந்தது, தொற்று உறுதியானவருக்குச் சிகிச்சை தாமதமில்லாமல் தொடங்கியது. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். சோதனையும் உடனடிச் சிகிச்சையும் சேராமல் பிரெப் மட்டும் அதைச் செய்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வேலை நேரத்தில் மட்டும் திறக்கும் கிளினிக், பெயரைக் கூப்பிட்டு அழைக்கும் வரவேற்பு மேசை, அடையாள அட்டையில் உள்ள பெயரையே பயன்படுத்துவேன் என்று அடம்பிடிக்கும் பதிவேடு, ஒரு மாதத்துக்கு மேல் மாத்திரை தர மாட்டேன் என்ற விதி. இவை ஒவ்வொன்றும் ஒரு திருநங்கையின் அல்லது இரவு வேலை பார்க்கும் ஒருவரின் பிரெப்பில் ஓட்டை போடும். மூன்று மாத மாத்திரை கொடுத்துவிட்டு இடையில் தொலைபேசியில் விசாரித்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நிறுத்துவது எப்படி

தொடங்குவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நிறுத்துவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புதிதாக ஒரு உறவு அமைகிறது, "இனி நாம் இருவர் மட்டும்" என்கிறார்கள், அன்றே மாத்திரை டப்பா அலமாரிக்குப் போகிறது. அந்த இருவரின் கடைசிச் சோதனைக்கும் அன்றைக்கும் நடுவில், தொற்று இருந்தும் சோதனையில் தெரியாத விண்டோ பீரியட் கிடக்கிறது. இருவரும் சோதித்து, ஆறு வாரம் கழித்து மறுபடி சோதித்து, அதுவரை மாத்திரையை விடாமல் இருப்பதே சரி. ஹார்மோன் எடுக்காத, பிறப்பில் ஆண் எனப் பதியப்பட்டவர் கடைசி உறவுக்குப் பின் இரண்டு நாள் மாத்திரை போட்டு நிறுத்தலாம். மற்ற எல்லோரும் ஏழு நாள்.

காபோடெக்ராவிர் ஊசியை விட்டவருக்கு அந்த மருந்து ஓராண்டுக்கு மேலும் உடலில் மெல்லிய அளவில் தங்கும். தொற்றைத் தடுக்கப் போதாது, எதிர்ப்பை வளர்க்கப் போதும். ஆபத்து தொடர்கிறவர் அடுத்த ஊசி வர வேண்டிய தேதிக்கு, அதாவது கடைசி ஊசியிலிருந்து இரண்டு மாதத்துக்குள், மாத்திரைக்கு மாறிவிட வேண்டும்.

நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர் தானாக நிறுத்தவே கூடாது. டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்கி வைத்திருக்கும். திடீரென்று எடுத்துவிட்டால் கல்லீரல் அழற்சி பாய்ந்து வரும். இரண்டு-ஒன்று-ஒன்று முறை இவர்களுக்குக் கூடாது என்பதும் இதனால்தான், ஒவ்வொரு வார இறுதியும் ஒரு தொடக்கமும் ஒரு நிறுத்தமும் ஆகிவிடும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் மருத்துவர் மேற்பார்வையில், அடுத்த சில மாதம் கல்லீரல் நொதிகளை அளந்துகொண்டே.